தானே பதனிட்டுக்கொள்ளும் தோல்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலைப் பார்த்த மாத்திரத்தில் விலங்கைச் சொல்லிவிடுபவர்கள் உண்டு. மயிர் நீக்கி, சாயமேற்றி, பாலிஷ் போட்டு முடித்த தோலில் விலங்கின் உருவமும் மணமும் மிச்சமிருக்காது. ஆனால் மயிர்க்கால்கள் விட்டுச்சென்ற துளைகள் இருக்கும். வெள்ளாட்டுத் தோலில் அவை சிறு கூட்டங்களாக வரிசைகட்டி நிற்கும். மாட்டுத் தோலில் ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்கும். எருமைத் தோலில் பெரிதாகவும் ஒன்றுக்கொன்று விலகியும் தெரியும். விரலும் கண்ணும் பழகியவருக்கு அது போதும்.

பூச்சியை இனம் காண்பவரும் தோலைத்தான் படிக்கிறார். பூச்சிக்கு உள்ளே எலும்பு கிடையாது. உடலைத் தாங்குவதும், தசைகளுக்குப் பிடிமானம் தருவதும், உள்ளிருக்கும் ஈரத்தை வெயிலிடம் இழக்காமல் காப்பதும் அதன் மேல்தோல்தான். முள், மீசை, நகம், தாடை, சிறகு எல்லாமே அந்தத் தோல் எடுத்த வெவ்வேறு வடிவங்கள். கண்ணின் மேற்பரப்புகூட அதுவே. பூச்சியின் உடற்கூற்றியலில் பெரும்பகுதி தோலைப் பற்றிய படிப்புதான். தோலையே தொழிலாகக் கொண்ட வேலூர், ஆம்பூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான உயிரியல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொள்ளப்போகும் பூச்சியின் பெயர் மெக்கோபோடா எலாங்கேட்டா. கேட்டிடிட் என்றும் புஷ்கிரிக்கெட் என்றும் அழைக்கப்படும் நீளமீசை வெட்டுக்கிளிகளில் ஒன்று. டெட்டிகோனிடே என்னும் இந்தக் குடும்பத்தில் உலகெங்கும் சுமார் 8,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை வெப்பமண்டலத்தில் வாழ்கின்றன. மெக்கோபோடா எலாங்கேட்டாவுக்கு 1758இல் பெயர் சூட்டியவர் கார்ல் லின்னேயஸ். இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியாவரை பரவியிருக்கும் பெரிய பூச்சி இது. தலையிலிருந்து மடித்த சிறகின் நுனிவரை அளந்தால் ஆறேழு சென்டிமீட்டர் இருக்கும். பகலில் புதருக்குள் அசையாமல் ஒட்டிக்கிடக்கும். இருட்டியபின் ஆண் பாடத் தொடங்கும்.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி, பெரிய பூச்சியின் சிறுவடிவமாகவே இருக்கும். புழுப் பருவமோ கூட்டுப்புழுப் பருவமோ இதற்கு இல்லை. ஆனால் மேல்தோல் ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு வளராது. அதனால் உடல் பெரிதாகும்போதெல்லாம் பழைய தோலைக் கழற்றிவிட்டுப் புதியதற்கு மாறியாக வேண்டும். கடைசித் தோலுரிப்புக்குமுன் பூச்சி ஒரு கிளையில் தலைகீழாகத் தொங்குகிறது. முதுகில் தோல் பிளக்கிறது. அந்தப் பிளவின் வழியாக உடலும், உடலைவிட நீளமான மீசைகளும், முள் நிறைந்த ஆறு கால்களும் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. கசங்கிக்கிடக்கும் சிறகுகளுக்குள் உடல்நீர் அழுத்தத்தோடு பாய, அவை விரிந்து நீள்கின்றன. உரித்துப்போட்ட தோலைப் பல நேரங்களில் பூச்சியே தின்றுவிடும். அதிலுள்ள புரதத்தை வீணாக்க அதற்கு மனம் வராது.

அப்போதைய பூச்சியை யாராலும் எளிதில் இனம் காண முடியாது. வெளிறிப்போய், மெத்தென்று, தொட்டால் நசுங்கும் நிலையில் இருக்கும். தாடையால் எதையும் கடிக்க முடியாது, பின்னங்காலால் தாவ முடியாது. அடுத்த சில மணி நேரத்தில் அந்த மென்தோல் இறுகி நிறமேறுகிறது. அப்போது அதற்குள் நடப்பது பதனிடுதல்தான். நான் இதை உவமையாகச் சொல்லவில்லை.

தோல் ஷாப்பில், அதாவது பதனிடும் ஆலையில், நடப்பதை நினைத்துப் பாருங்கள். உப்புப் போட்டு வந்த பச்சைத்தோல் ஊறி, சுண்ணாம்பில் கிடந்து மயிர் உதிர்ந்து, சவ்வு நீங்கி வரும்போது மிஞ்சுவது கொலாஜன் என்ற புரதத்தின் நார்ப்பின்னல். அதை அப்படியே விட்டால் அழுகும். சுமார் 60 டிகிரி சூட்டு நீரிலேயே சுருங்கிவிடும். ஆவாரம்பட்டை அல்லது கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்தால் அவற்றிலுள்ள டானின்கள் நார்களுக்கிடையே புகுந்து, ஒன்றோடொன்று பிணைத்து, நீரை வெளியேற்றுகின்றன. டானின்கள் பாலிஃபீனால் வகையைச் சேர்ந்தவை. பிணைப்பு விழுந்த தோலை நுண்ணுயிர்களால் செரிக்க முடியாது. தோல் செருப்பாகும் தகுதி பெறுவது அப்போதுதான்.

பூச்சியின் மேல்தோலில் கொலாஜனுக்குப் பதிலாகக் கைட்டின் என்ற சர்க்கரை வகை நாரும் பல்வேறு புரதங்களும் இருக்கின்றன. பட்டைச் சாறு வெளியிலிருந்து வருவதில்லை. டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து டோபமினை உடலே தயாரித்துக்கொள்கிறது. நம் மூளையில் செய்தி கடத்தும் அதே டோபமின்தான். அதிலிருந்து உண்டாகும் ஃபீனால் பொருள்கள் மேல்தோலுக்குள் ஊறுகின்றன. அங்கே லாக்கேஸ் என்ற நொதி அவற்றைக் குவினோன்களாக மாற்றுகிறது. குவினோன்கள் புரதச் சங்கிலிகளைப் பிணைத்துப் பூட்டிவிடுகின்றன. டோபமினின் ஒருவகை வழிப்பொருள் பிணைத்தால் தோல் ஏறக்குறைய நிறமற்று இறுகும். இன்னொரு வகை பிணைத்தால் பழுப்பாகும். எல்லாம் எப்போது தொடங்க வேண்டும் என்பதற்குப் பர்சிகான் என்ற ஹார்மோன் ஆணை கொடுக்கிறது.

இந்த உண்மையை முதலில் தெளிவாக எடுத்துக்காட்டியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்க் பிரையர். கரப்பான்பூச்சியின் முட்டைக்கூடு எப்படி இறுகுகிறது என்று ஆராய்ந்தவர், குவினோன்களே அதைப் பதனிடுகின்றன என்று 1940இல் எழுதினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜி. கிருஷ்ணன் நண்டிலும் தேளிலும் மேல்தோல் எப்படிப் பதமாகிறது என்று ஆராய்ந்து வெளியிட்டார். அதே நகரத்தின் அடையாறில் 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியிருந்தது. ஆட்டுத்தோலும் தேள் தோலும் ஒரே காலத்தில் ஒரே ஊரில் ஆராயப்பட்டதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. லாக்கேஸின் பங்கு பிறகு 2005இல் மாவு வண்டில் உறுதியானது. அந்த நொதிக்கான மரபணுவை முடக்கியதும் வண்டுகள் வெளிறி, மெத்தென்றே இருந்து செத்துப்போயின.

குழியில் பட்டைச் சாற்றில் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பு அதை ஒரு நாளுக்குள் சுருக்கியது. குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும். அதனால்தான் பாலாற்றங்கரையில் ஆவாரம்பட்டையின் இடத்தைக் குரோமியம் பிடித்துக்கொண்டது. தோல் ஷாப்புக் கழிவு கிணறுகளிலும் நிலத்திலும் இறங்கியதன் விளைவை இந்த வட்டாரத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. இங்கே நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். உலோக உப்பு இல்லாமல், சாதாரண வெப்பநிலையில், சில மணி நேரத்தில், கழிவில்லாமல் ஒரு தோலைப் பதனிட முடியும் என்பதற்கு அத்தாட்சி பாலாற்றங்கரைப் புதரிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இனி இனம் காணும் வேலைக்கு வருவோம். பூச்சி தன் உடலை ஒரே சீராகப் பதனிடுவதில்லை. தாடை மிகக் கடினம். கணுக்களுக்கிடையே உள்ள சவ்வு கடைசிவரை மென்மை. அதனால்தான் கால் மடங்குகிறது, வயிறு விரிகிறது. இனம் காணும் அடையாளங்கள் எல்லாம் நன்றாக இறுகிய இடங்களில்தான் இருக்கின்றன. அந்த இடங்கள்தாம் வடிவம் மாறாமல், பூச்சி செத்தபிறகும் ஆண்டுக்கணக்கில் நிலைக்கின்றன.

நிறத்தை நம்ப வேண்டாம். மெக்கோபோடா எலாங்கேட்டாவில் பச்சையும் உண்டு, பழுப்பும் உண்டு. இரண்டும் ஒரே இனம்தான். பச்சை நிறம் நீலச்சாயல் கொண்ட பித்த நிறமியும் மஞ்சள் கரோட்டினாய்டும் சேர்ந்து வருவது. உயிர் போனபின் அது நிலைப்பதில்லை. அருங்காட்சியகப் பெட்டிகளில் வைக்கோல் நிறத்தில் கிடக்கும் பல பூச்சிகள் உயிரோடு இருந்தபோது தளிர்ப்பச்சையாக இருந்தவை.

மீசையிலிருந்து தொடங்குவது வசதி. பகலில் வயல்வரப்பில் தாவும் சாதாரண வெட்டுக்கிளியின் மீசை குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும். நம் பூச்சியின் மீசை மெல்லிய இழையாக உடலைத் தாண்டி நீளும். சுவர்க்கோழிக்கும் நீள மீசை உண்டு. அப்போது பாதத்தைப் பாருங்கள். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் நல்லது. சுவர்க்கோழியின் பாதத்தில் மூன்று கணுக்கள், நீளமீசை வெட்டுக்கிளியின் பாதத்தில் நான்கு. சிறகை மடிக்கும் விதத்திலும் வேறுபாடு உண்டு. சுவர்க்கோழி பெரும்பாலும் வலது முன்சிறகை மேலே வைக்கும். இது இடதை மேலே வைக்கும். இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் குடும்பம் முடிவாகிவிடும்.

குடும்பத்துக்குள் எந்தப் பிரிவு என்பதற்குப் பூச்சியை மெல்லத் திருப்பி நெஞ்சைப் பார்க்க வேண்டும். முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே, மார்பின் அடித்தட்டில், மெக்கோபோடாவுக்கு இரண்டு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இலைபோன்ற சிறகுள்ள ஃபனரோப்டெரினே பிரிவினருக்கு அவை கிடையாது. அந்தப் பிரிவில் பின்சிறகு முன்சிறகைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதும் சாதாரணம். முன்னங்காலின் முழங்காலுக்குச் சற்றுக் கீழே காது இருக்கிறது. மெக்கோபோடாவில் அந்தக் காதுச் சவ்வு இரு பக்கமும் திறந்து, நீள்வட்டமாக வெளியே தெரியும். புல்வெளிகளில் வாழும் கூம்புத்தலைப் பூச்சிகளில் தோல் மடிந்து காதை மூடி, ஒரு கீறல் மட்டும் விட்டிருக்கும். கைலென்ஸுக்குள் அந்தக் கீறல் தெரிந்தால் உங்கள் கையில் இருப்பது மெக்கோபோடா அல்ல.

பின்னங்கால் மிக நீளம். தொடைப்பகுதி அடியில் தடித்து முழங்காலை நோக்கி ஒல்லியாகிக்கொண்டே போகும். காலின் முட்கள் எத்தனை, எந்த விளிம்பில் என்பதை வகைப்பாட்டாளர்கள் பொறுமையாக எண்ணுவார்கள். பெண்ணுக்கு வயிற்றின் முனையில் வாள்போல் நீண்ட முட்டையிடும் உறுப்பு உண்டு. மண்ணுக்குள் முட்டைகளைச் செருக அது உதவுகிறது. ஃபனரோப்டெரினே பெண்களின் உறுப்பு குட்டையாக, மேல்நோக்கி வளைந்து, பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். வாள் நீளமா, குட்டை அரிவாளா என்பதைப் பார்த்தாலே இந்த இரு பிரிவுகளின் பெண்களையும் பிரித்துவிடலாம். ஆணின் வயிற்று முனையில் அடித்தட்டு ஒன்றும், பெண்ணைப் பற்றிக்கொள்ள உதவும் இரண்டு சிறு கொம்புகளும் இருக்கும். அந்தத் தட்டின் வடிவமும் கொம்பின் வளைவும் நெருங்கிய இனங்களைப் பிரிக்க மிகுதியும் உதவுகின்றன.

இதே புதர்க்காட்டில் மரத்தண்டுகளைத் தடவிப் பார்ப்பவருக்கு இன்னொரு நீளமீசை வெட்டுக்கிளி கிடைக்கக்கூடும். சாத்ரோஃபில்லியா என்ற பேரினம். மரப்பட்டையின் நிறம், பட்டையின் சொரசொரப்பு, பட்டையில் படரும் பாசியின் திட்டுகள்வரை அப்படியே தோலில் இருக்கும். மீசைகளையும் முன்னங்கால்களையும் முன்னால் நீட்டி, உடலைத் தண்டோடு அழுத்திக்கொண்டு கிடக்கும். கையை அதன்மேல் வைத்தால்தான் பட்டை நகர்வது தெரியும். அதன் அடையாளம் தலையில் இருக்கிறது: மீசை புறப்படும் குழியின் விளிம்பு மேலெழுந்து நிற்கும். மெக்கோபோடாவில் அப்படி இருக்காது.

காதைப் பற்றி மேலே ஒரு வரியில் சொல்லிவிட்டு வந்தேன்; அது நியாயமில்லை. காலில் காது இருப்பது வியப்புதான், ஆனால் அந்தக் காதுக்கு ஒலி இரண்டு வழிகளில் வருவது அதைவிட வியப்பு. ஒரு வழி வெளியிலிருந்து நேராகச் சவ்வின்மேல். இன்னொன்று மார்பின் பக்கவாட்டில் உள்ள மூச்சுத்துளையில் நுழைந்து, தொடைக்குள் ஓடும் மூச்சுக்குழல் வழியாக வந்து, சவ்வை உட்புறத்திலிருந்து தட்டுகிறது. மார்பருகே அகன்றும் முழங்காலை நோக்கிக் குறுகியும் இருக்கும் அந்தக் குழல், உயரதிர்வு ஒலிகளை வலுப்படுத்திக் கொடுக்கிறது. கொலம்பியாவின் கோர்கோனா தீவில் வாழும் ஒரு நீளமீசை வெட்டுக்கிளியின் காதை ஆராய்ந்த குழு ஒன்று 2012இல் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டது. நம் காதில் செவிப்பறை, சிற்றெலும்புகள், திரவம் நிறைந்த உட்செவி என மூன்று கட்டங்களில் நடக்கும் வேலை, அந்தப் பூச்சியின் காலிலும் அதே மூன்று கட்டங்களில் நடக்கிறது. சிற்றெலும்புகளின் வேலையை அங்கே செய்வது இறுகிய ஒரு தோல்தகடு. பாலூட்டியும் பூச்சியும் தனித்தனிப் பாதையில் ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

மெக்கோபோடா எலாங்கேட்டாவின் காதைத் தனியாகவே ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் காலுக்குள் ஒலியை உணரும் நரம்பணுக்கள் நாற்பத்துச் சொச்சம்தான், பெரியதிலிருந்து சிறியதாக ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன. முழங்காலை ஒட்டிய முனை தாழ்ந்த அதிர்வெண்களையும் பாதத்தை நோக்கிய முனை உயர்ந்த அதிர்வெண்களையும் பிடிக்கிறது. ஒலி நுழைந்ததும் அந்த வரிசை நெடுக ஓர் அலை ஓடுகிறது. நம் உட்செவியிலும் அப்படித்தான் ஓடுகிறது. நம்மிடம் அந்த வேலைக்கு ஒரு காதில் சுமார் 3,500 உள்மயிர் அணுக்கள் இருக்கின்றன.

பாடுவது ஆண். இடது முன்சிறகின் அடிப்பக்கத்தில் ஒரு நரம்பு தடித்து, வரிசையாகப் பற்கள் கொண்ட அரமாக மாறியிருக்கிறது. வலது சிறகின் உள்விளிம்பு நன்றாக இறுகிய ஒரு சுரண்டி. சிறகுகள் திறந்து மூடும்போது சுரண்டி பற்களின்மேல் இழுபட்டு ஒலி பிறக்கிறது. வலது சிறகில் சுரண்டிக்கு அருகே கண்ணாடிபோல ஒளிபுகும் மெல்லிய பரப்பொன்று உண்டு. அது அதிர்ந்து ஒலியைப் பெருக்குகிறது. மெக்கோபோடாவின் பாட்டு சில கிலோஹெர்ட்ஸில் தொடங்கி நம் செவிக்கு எட்டாத உயரத்துக்குப் போகிறது. 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அது பாடுவதெல்லாம் நமக்கு மௌனம்.

இதுவரை சொன்ன எல்லாமே தோலில் எழுதியிருக்கும் அடையாளங்கள். இதே மெக்கோபோடாவில்தான் அந்த அடையாளங்கள் போதாமல் போகும் இடமும் இருக்கிறது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரோகிணி பாலகிருஷ்ணனும் விவேக் நித்யானந்தாவும் தென்னிந்தியாவின் மெக்கோபோடாக்களை இரவுகளில் ஒலிப்பதிவு செய்தார்கள். கையில் பிடித்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றே. முட்கள், சிறகு, அளவு எதைக் கொண்டும் பிரிக்க முடியவில்லை. பாட்டு மட்டும் ஐந்து விதமாக இருந்தது. 2006இல் வெளியான அவர்களுடைய கட்டுரை அந்த ஐந்துக்கும் கேட்டால் மறக்க முடியாத பெயர்களைக் கொடுத்தது: ஹெலிகாப்டர், டிரெயின், சிர்ப்பர், டபுள் சிர்ப்பர், டூ பார்ட். சிர்ப்பர் சீரான இடைவெளியில் ஒற்றை ஒற்றையாகக் கிறீச்சிடும். டபுள் சிர்ப்பர் இரண்டிரண்டாக. டூ பார்ட் பாடுவது ஒன்றிலிருந்து ஒன்று முற்றிலும் மாறுபட்ட இரண்டு பகுதிகள் கொண்ட பாட்டு. ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் உள்ள சிர்ப்பர் ஆண்கள் தங்கள் கிறீச்சுகளை ஒரே கணத்தில் சேர்த்து ஒலிப்பதையும் அவர்கள் 2007இல் விவரித்தார்கள்.

ஒரு பெண் பூச்சிக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. இருட்டில் அதற்குக் கிடைக்கும் தகவல் பாட்டு மட்டுமே. எந்தப் பாட்டை நோக்கி நடக்கிறதோ அந்த ஆணோடுதான் அதன் சந்ததி. ஒரு பாட்டுக்காரனைப் பெண்கள் தொடர்ந்து தவிர்த்தால், தோல் எவ்வளவு ஒன்றுபோல இருந்தாலும் இரண்டு கூட்டங்களும் காலப்போக்கில் வேறு வேறு இனங்களாகப் பிரியும். அதனால் பின்னாளில் அதே ஆய்வுக்கூடத்தினர் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து ஆணின் வயிற்று முனைத் தட்டையும், மேல்தோலில் பூசியிருக்கும் மெழுகுப் பொருள்களின் வேதியியலையும், கலப்பு இணைகளையும் சோதித்தார்கள். நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் தோலில் பூச்சியின் மீசைக்கு வேறுபாடு தெரியலாம் அல்லவா.

வகைப்பாட்டு நூல்கள் இங்கே நமக்கு அதிகம் கைகொடுப்பதில்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள் பற்றிய பெரிய நூல் வரிசையில் வில்லியம் கிர்பி 1914இல் எழுதிய தொகுதி குட்டைமீசை வெட்டுக்கிளிகளோடு நின்றுவிட்டது. 1969இல் லூசியன் ஷோபார் எழுதிய தொகுதி சுவர்க்கோழிகளைப் பற்றியது. இரண்டுக்கும் நடுவே நீளமீசைக் குடும்பம் அந்த வரிசையில் தனித்தொகுதி இல்லாமலே இருந்துவிட்டது. இரவில் நம் காதுகளை நிறைக்கும் குரல்களில் இவ்வளவு பங்குடைய ஒரு குடும்பத்துக்கு இது நேர்ந்திருக்கக் கூடாது.

வௌவால்கள் வேறு வழியில் உதவுகின்றன. பொய் இரத்தக்காட்டேரி வௌவால் என்ற வகையில் சிறியது, மெகாடெர்மா ஸ்பாஸ்மா. இது நீளமீசை வெட்டுக்கிளியைப் பிடித்துத் தன் தங்குமிடத்துக்குக் கொண்டுபோய், தொங்கிக்கொண்டே தின்னும். மெல்ல முடியாத சிறகு, கால் போன்ற நன்கு பதனிட்ட பகுதிகளைக் கீழே உதிர்த்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் ஹனுமந்தன் ரகுராமும் ரோகிணி பாலகிருஷ்ணனின் குழுவினரும் அந்தத் தரையிலிருந்து சிறகுகளைச் சேகரித்து, எந்த இனம், ஆணா பெண்ணா என்று பிரித்தார்கள். ஆணின் சிறகில் அரம் இருக்கும் என்பதால் இது இயலும். பாடிக் காட்டிக்கொடுக்கும் ஆண்களே அதிகம் அகப்பட்டிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2015இல் வெளியான முடிவு நேர்மாறு: பெண்களே அதிகம். பாட்டைத் தேடிப் பறக்கும் பெண்ணின் சிறகசைவு வௌவாலுக்குக் கிடைக்கும் தெளிவான குறி. ஓரிடத்தில் உட்கார்ந்து பாடும் ஆண் ஒப்பளவில் பத்திரமாக இருக்கிறது.

இந்தத் தகவலைக் கொண்டு பெண்ணின் உடலைத் திரும்பப் பாருங்கள். வயிறு நிறைய முட்டையோடு, அந்த நீண்ட வாளையும் சுமந்துகொண்டு, வௌவால் திரியும் வெளியைக் கடந்துதான் அது இணையைச் சேர வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பலாமரங்களில் வாழும் ஓனோமார்க்கஸ் யூனினோட்டேட்டஸ் என்ற இனத்தின் பெண் இதற்கு வேறொரு ஏற்பாடு வைத்திருக்கிறது. ஆண் சுமார் 3.2 கிலோஹெர்ட்ஸில், இந்தக் குடும்பத்துக்கு மிகத் தாழ்ந்த குரலில் பாடும். பெண் பதிலுக்குப் பாடாமல், தான் இருக்கும் கிளையை உடலால் அதிரச்செய்யும். அந்த அதிர்வைக் காலால் உணர்ந்து ஆண் நடந்துவரும். ஒலியும் அதிர்வுமாக நடக்கும் இந்த உரையாடலும் 2015இல்தான் வெளியானது.

ஆம்பூரிலிருந்து நாயக்கனேரி மலைக்கோ, வேலூரிலிருந்து அமிர்திக்கோ, வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்கோ மாலையில் போய்ச் சேருவது எளிது. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை அமைத்தவர்கள் இந்த மலையின் இருட்டை நாடித்தான் வந்தார்கள். அந்த இருட்டு பூச்சிகளுக்கும் பயன்படுகிறது. காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆனால் ஊர்ப்புறத்து வேலியும் ஏரிக்கரைப் புதருமே தொடங்குவதற்குப் போதுமானவை. டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் கட்டிக்கொண்டால் பாட்டு நிற்காமல் நெருங்க முடியும். நெருங்கியபின் சற்று நேரம் அசையாமல் நிற்க வேண்டும்.

செல்போனில் பதிவு செய்யலாம். செவிக்கு மேற்பட்ட பகுதி அதில் விழாது. ஆனால் மெக்கோபோடாவின் ஐந்து பாட்டுகளையும் பிரிப்பது முக்கியமாகக் கால ஒழுங்குதான்: கிறீச்சுகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி, ஒற்றையா இரட்டையா, தொடர்ச்சியா விட்டு விட்டா. இதை இலவச ஒலி மென்பொருளில் திறந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். பதிவின்போது வெப்பநிலையைக் குறிக்காமல் விடக் கூடாது. பூச்சி குளிர்ரத்தப் பிராணி; இரவு குளிர்ந்தால் பாட்டு மெதுவாகும், வெதுவெதுப்பில் வேகமாகும். ஒரே இனத்து ஆண்கள் பாடிய ஏலகிரிப் பதிவும் வேலூர்ப் பதிவும் வெப்பநிலைக் குறிப்பு இல்லாவிட்டால் இரண்டு இனங்களாகத் தோன்றிவிடும்.

தேதி, நேரம், இடம், எந்தச் செடி, தரையிலிருந்து எவ்வளவு உயரம் ஆகியவற்றைப் பதிவிலேயே வாயால் சொல்லிவிடுங்கள். பாடியதும் படம் எடுத்ததும் ஒரே பூச்சிதானா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மற்றவற்றைவிட இதுவே அடிக்கடி விட்டுப்போகிறது. படத்தில் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முன்னங்காலின் காது தெரியும்படி ஒன்று, மார்பின் அடித்தட்டு முட்கள் தெரியும்படி ஒன்று, ஆணின் வயிற்று முனையைக் கீழிருந்து ஒன்று இருந்தால் வகைப்பாட்டாளர் எவரும் வேலையைத் தொடங்கிவிடுவார். சென்னையிலேயே இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பூச்சியைக் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஆபத்து என்று பட்டால் பின்னங்காலைத் தானே கழற்றிவிட்டுத் தப்பிவிடும். கடைசித் தோலுரிப்பைக் கடந்துவிட்ட பூச்சிக்கு அந்தக் கால் திரும்ப முளைக்காது.